நாலு எலுமிச்சம்பழமும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும்

நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். பானெட்டின் மேல் சாமந்தி மாலை. முன்னால் தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. நான் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

வண்டி ஆடியது.

"எலுமிச்சம்பழத்து மேல நிக்குதுல்ல, ஆடத்தான் செய்யும். எடு, எடு," என்றார் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்காரர்.

எடுத்தேன். பழங்கள் நாலும் பட்டென்று நசுங்கின. புளிப்பு வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. கியர் கம்பி நடுங்கியது. டாஷ்போர்டில் இருந்த சின்னப் பிள்ளையார் இடமும் வலமுமாக ஆடினார். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தால் மதினியின் முகம் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது.

மதினி என்றால் இவருடைய அக்கா. மடியில் சுண்டல் தூக்குவாளி வைத்திருந்தார்கள்.

"ஏத்தா, என்னத்த இந்தக் குலுக்கு குலுக்குது? என் பல்லு செட்டு கழண்டு சுண்டலுக்குள்ள விழுந்துரும் போல!"

"அது ஒண்ணுமில்லக்கா. கிளச்சுல கால வச்சுக்கிட்டே இருக்கா," என்றார் இவர்.

என் கால் கிளச்சில் இல்லை. எடுத்துக் காட்டலாம் என்றால், காலைத் தூக்கிக் காட்டுகிற நாளா அது? போன வருட ஆயுத பூஜை.

இந்தத் தொடரில் டைப்ரைட்டர் சத்தம் அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார்கள். வந்துவிட்டேன் அம்மா. காரிலேயே வந்திருக்கிறேன். ஆனால் டைப்ரைட்டர் கொஞ்சம் பின்னாலேயே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளச் என்கிற மந்திரம்

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. எங்கள் வீடு அனுமந்தன்பட்டியில். இவருக்கு அங்கே திராட்சைத் தோட்டம். எனக்குத் தேனியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதை இழுத்து மூடிவிடுவேன் என்று சொன்னவர்கள் எல்லாம் இப்போது அரசாங்கப் பரீட்சைக்குத் தங்கள் பிள்ளைகளை என்னிடம்தான் அனுப்புகிறார்கள்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பஸ்ஸில் போய் வந்தேன். முழங்கால் பேச ஆரம்பித்ததும், என் சம்பாத்தியத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டேன். தலை பாதி நரைத்த பிறகு 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு சின்னமனூர் சந்தைக்குள் போனவள் நான். அந்தக் கதையை வேறொரு வாரம் சொல்கிறேன். அதில் ஒரு முட்டைக்கோஸ் வண்டி வருகிறது.

அனுமந்தன்பட்டியிலிருந்து தேனி வரைக்குமான அந்த ரோடுதான் எனக்கே எனக்கென்று இருக்கிற நேரம். வீட்டில் ஒரு பக்கம் மோட்டார், தோட்டத்து ஆட்கள், சமையல். இன்ஸ்டிட்யூட்டில் நாள் முழுக்கத் தடதட சத்தம். நடுவில், ரெண்டு பக்கமும் வயலும் தென்னையும், தூரத்தில் மேகமலையும், கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு நான் ஒருத்தி. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவருக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. அதாவது, கார் பிடிக்கும். நான் ஓட்டுவதுதான் பிடிக்காது. வண்டியில் எது நடந்தாலும் கிளச். டயர் பஞ்சரானால் கிளச். வைப்பர் ஓடவில்லை என்றால் கிளச். ஒருநாள் ஏசியில் பல்லி செத்துக் கிடந்தது. அதற்கும் என் இடது காலைத்தான் பார்த்தார்.

ஆவணி மாதம் இவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். தேனிக்கு ஆபரேஷனுக்கும், அப்புறம் காட்டிக்கொண்டு வருவதற்கும் நான்தான் கூட்டிப்போய்க் கூட்டி வந்தேன். ஒரு கண்ணில் பச்சைத் துணி, இன்னொரு கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ரோடே தெரியாது. ஆனாலும் வீரபாண்டி தாண்டியதும், "கிளச்ச விடு... முன்னாடி லாரி வருது பாரு," என்பார். லாரி எங்கே வருகிறது? பக்கத்தில் நின்ற வைக்கோல் படப்பு அது.

கூட்டிப்போனதற்கு ஒரு வார்த்தை? ம்ஹூம். அப்படிப்பட்ட வார்த்தையெல்லாம் இவருடைய அகராதியில் அச்சாகவில்லை.

அதற்கு முன்னால், ஆடியில், சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் வண்டி என் கையில் நின்றுபோனது. பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். தப்பு பேட்டரி மேல். ஆனால் இவர் மதினியை நடுவராக வைத்து ஒரு பஞ்சாயத்தே கூட்டிவிட்டார்.

"இன்னொரு தடவை வண்டி உன் கையில ரோட்டுல நின்னுச்சுன்னா, சாவி என் கையில. ஒரு டிரைவரைப் போட்டுருவோம். சரியா?"

எனக்கும் ரோஷம். "சரி," என்றுவிட்டேன். மதினி சாட்சி.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், அந்த ஆயுத பூஜைக் காலையில் நான் ஏன் வண்டியின் ஒவ்வொரு குலுக்கலையும் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று.

ஏ, எஸ், டி, எஃப்

தேனியில் பிள்ளைகள் மாலையும் பொரியுமாகக் காத்திருந்தார்கள். இன்ஸ்டிட்யூட் சாவி என் கைப்பையில். திரும்பிப் போக வழியில்லை. மெல்ல ஓட்டினேன்.

ஓடும்போது ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. வேகத்தடையில் மெதுவாக்கினால் பழையபடி குலுக்கல். டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இஞ்சின் படம் போட்ட விளக்கு ஒன்று விட்டு விட்டு மின்னியது.

"அங்கன பாருக்கா, இவ காரும் பூசைக்கு சீரியல் லைட்டு போட்டிருக்கு," என்றார் இவர்.

நான் இஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டைப்ரைட்டிங்கில் முதல் பாடம் என்ன? ஏ, எஸ், டி, எஃப். இடது கையின் நாலு விரல். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல். புதிதாக வருகிற பிள்ளைகள் வாரக்கணக்கில் இதையே அடிப்பார்கள். ஒரு விரல் சோம்பினால் அந்த நாலில் ஓர் அடி விழாது. தட் தட்... தட். திரும்பிப் பார்க்காமலே, "யாரது, எழுத்தை விழுங்குறது?" என்று கேட்பேன். பிள்ளைகள் எனக்கு முதுகில் கண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

என் வண்டி அன்றைக்கு அப்படித்தான் அடித்தது. நாலில் ஒன்று விழவில்லை.

"என் கால் இல்லைங்க. இஞ்சின்ல ஒண்ணு அடிக்கல," என்றேன்.

"ஆமா, டைப்ரைட்டிங் டீச்சர் சொல்லிட்டாக. எழுதிக்கடா இஞ்சினே," என்றார்.

உத்தமபாளையத்துக்குள் நுழைந்து, ஒரு வேகத்தடையில் மெதுவாக்கினேன். வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

பின்னால் வந்த பஸ்ஸுக்கு முன்பக்கம் ரெண்டு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அந்த வாழை இலை என் பின்கண்ணாடியைத் தடவிக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. இவர் என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி அக்காவைத்தான் பார்த்தார்.

பூசையில் படுத்த ஊர்

தள்ளினால் போய்ச்சேரும் தூரத்தில் காதர் பாய் பட்டறை இருந்தது. நல்ல மனுசர், கைராசிக்காரர். என் வண்டியை வாங்கின நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ரெண்டு பேரும் இவரும் சேர்ந்து தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கில். தள்ளும்போதும் இவர் சும்மா வரவில்லை. "கிளச்ச மிதி, இப்ப மிதி, இப்பத்தான் மிதிக்கணும்," என்றுகொண்டே வந்தார்.

போகும்போதே என் மனசுக்குள் ஒரு கணக்கு. ஆயுத பூஜையில் யார் வீட்டிலும் ஒரு கருவியும் எடுக்க மாட்டார்கள். கழுவி, பொட்டு வைத்து, சாமி முன்னால் அடுக்கினால், மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபூசை போட்டுத்தான் தொடவேண்டும். எங்கள் வீட்டில் கார் ஸ்பேனர் செட், ஜாக்கி, அரிவாள்மணை, என் ஸ்டேப்ளர், நகவெட்டி வரைக்கும் பூசையில் படுத்திருந்தன. இவர்தான் வரிசையாக அடுக்கினார். ஆனால் பாய் பட்டறையில் அந்தத் தொல்லை இருக்காதே, அவருக்கு ஏது ஆயுத பூஜை?

பட்டறைக்குள் தலையை நீட்டினேன். என் கணக்கு அங்கேயே தப்பிப்போனது.

நீள பெஞ்சில் வாழையிலை. அதன் மேல் ஸ்பேனர்கள் பெரிசிலிருந்து சிறிசாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். சுத்தியல், கட்டிங் பிளேயர், காற்று அடிக்கிற கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் மாலை. வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனர் மெஷினுக்கு, சரியாகத் திரையின் நடுவில், ஒரு ரூபாய் அளவுக்குப் பொட்டு. பக்கத்தில் பாய் நாற்காலி போட்டுப் பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர், வாங்கண்ணே. பொரி எடுத்துக்கங்க. பட்டறைப் பசங்க பூசையப் போட்டுட்டு இப்பத்தான் ஊருக்குப் போனாக."

"பாய், நீங்களுமா?" என்றேன். கிட்டத்தட்ட அழுகிற குரல்.

பாய் சிரித்தார். "நான் கும்புடுறேனா இல்லையாங்கிறது வேற டீச்சர். பசங்க மனசாரச் செஞ்சு வச்சிருக்காக. நாளைக்குக் காலையில வந்து அவுக எடுத்துக் குடுத்தாத்தான் நான் தொடுவேன். இத்தன வருசமா அதுதான் வழக்கம். நாம எடுத்தோம்னு தெரிஞ்சா மனசு சங்கடப்படுவாகள்ல?"

அதற்கு மேல் என்ன கேட்பது? கேட்டிருந்தால் நான்தான் சின்ன மனுஷி ஆகியிருப்பேன்.

"ஆனா பசங்க ஒண்ண மட்டும் பூசையில வைக்க மறந்துட்டாக," என்று பாய் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரெண்டு கையையும் விரித்துக் காட்டினார். "பானெட்டத் திறங்க."

கை மட்டும் பாக்கி

வண்டி எப்படியோ மறுபடி ஸ்டார்ட் ஆனது. அதே குலுக்கல்.

பாய் முதலில் பின்பக்கம் போய்க் குனிந்து, சைலன்சர் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். "புகை சீரா வரல. பொத்து பொத்துனு விட்டு விட்டு அடிக்குது. மிஸ்ஸிங்குதான், ஒண்ணு அடிக்கல. பெட்ரோல் எங்க போட்டீக?"

"வழக்கமா போடுற இடத்துலதான். போன வாரம்."

"அதுக்கப்புறம் நல்லா ஓடுச்சா?"

"நேத்து வரைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடுச்சு பாய்."

"அப்ப பெட்ரோல் இல்ல."

"கிளச்சா இருக்குமோ?" என்றார் இவர்.

பாய் இவரை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணே, வண்டி நின்ன இடத்துல நியூட்ரல்ல நிக்குது. டீச்சர் கீழ இறங்கி உங்க பக்கத்துல நிக்கிறாக. இதுல கிளச்சு எங்கன வந்துச்சு?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே பாய்க்கு ஒரு மாலை போடலாம் என்று எனக்குத் தோன்றியது. கம்ப்ரஸர் கழுத்தில் இருந்ததைக்கூடக் கழற்றிப் போட்டிருப்பேன்.

இஞ்சின் மேல் மூடியைப் பாய் கையாலேயே நெம்பி எடுத்தார். உள்ளே வரிசையாக நாலு காயில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி அனுப்புகிற சாமான் அது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒயர் சாக்கெட். ஓடுகிற இஞ்சினில் ஒவ்வொரு சாக்கெட்டாகக் கழற்றிப் பார்க்கப்போகிறேன் என்றார். நன்றாக அடிக்கிற சிலிண்டரின் சாக்கெட்டைக் கழற்றினால் வண்டி இன்னும் தள்ளாடும். ஏற்கெனவே செத்துக் கிடக்கிறதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் தெரியாது. எந்தப் பிள்ளை வகுப்புக்கு வராவிட்டாலும் சத்தம் குறையவில்லையோ, அந்தப் பிள்ளை நேற்றும் அடிக்கவில்லை. எனக்கு உடனே புரிந்தது.

"மூணாவது பாய். டி. நடு விரல். நான் கேட்டுட்டேன்," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

முதல் சாக்கெட்டை எடுத்தார். இஞ்சின் திணறியது. மாட்டினார். இரண்டாவதை எடுத்தார்.

ஒன்றுமே ஆகவில்லை. அதே ஆட்டம், அதே சத்தம்.

"இங்கன இருக்கு," என்றார் பாய்.

இவர் கைதட்டியே விட்டார். "டீச்சரம்மாவுக்கு ஒரு விரல் தள்ளிப்போச்சு! பரிட்சையில ஃபெயிலு!"

பாய் எனக்காகப் பரிந்து பேசினார். "டீச்சர் சொன்னது தப்பில்லண்ணே. இஞ்சின் ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுங்கிற வரிசையில அடிக்கும். எங்க இருந்து எண்ணுறோம்னு யாருக்குத் தெரியும்? நாலுல ஒண்ணு அடிக்கலன்னு கேட்டாகள்ல, அது சரிதான?"

ஒன்று, மூன்று, நாலு, இரண்டு! இந்த வரிசையில் அடித்தால் என் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு பிள்ளையும் தேறாது. தோற்றதை ஒப்புக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் நிம்மதி. என் கால் இல்லை. கிளச் இல்லை.

"அந்தக் காயிலக் கழட்டி உள்ள பாத்தாத்தான் ஏன்னு தெரியும்," என்றார் பாய். "ஒரே ஒரு போல்ட்டுதான். பத்தாம் நம்பர்."

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தோம். அங்கே பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில், குங்குமத்தோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சாவி கை மாறியது

பாய் விரலால் முயன்றார். அசையவில்லை. எதிர் வரிசையில் சைக்கிள் கடை; போய்க் கேட்டுவிட்டு வந்தார். அங்கேயும் பூசை. டீக்கடைக்காரர் தன் இடுக்கிக்கும் பொட்டு வைத்துவிட்டதாகச் சொல்லி, ரெண்டு டீ மட்டும் கொடுத்து அனுப்பினார். மதினி தன் பங்குக்குச் சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நீட்டினார்கள்.

"இது ஆவுமா பாய்?"

"ஆவாதுங்கம்மா."

கடைசியில் பாய் கையைத் துடைத்தார். "விட்டுட்டுப் போங்க டீச்சர். நாளைக்குக் காலையில பாத்துருவோம். இப்ப நீங்க பஸ்ஸுல போயிருங்க."

அப்புறம் மதினி தொண்டையைக் கனைத்தார்கள். நடுவர் இல்லையா? தீர்ப்பு சொல்லத்தானே வேண்டும்?

"ரோட்டுல நின்னுருச்சே ஆத்தா. பேச்சு பேச்சுதான."

"மதினி, பாய் சொன்னத நீங்களும்தான கேட்டீக? காயில் அடிக்கல. என் மேல என்ன தப்பு?"

"ஏன் அடிக்கலன்னு இன்னும் யாருக்கும் தெரியலயே. நாளைக்குத் தெரியட்டும். இன்னைக்கு நின்னது நின்னதுதான்."

இவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிசயம். கிளச் என்றுகூடச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாவியை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்தேன். கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்த மனுசர் அதை வாங்கும்போது சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். ஒரு சாவிக்கா இத்தனை என்று நீங்கள் கேட்கலாம். அது இல்லாவிட்டால் அந்த ரோடு இல்லை. யாரோ ஒரு டிரைவர் முன்னால் இருக்க, நான் பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போகவேண்டும். ஜன்னலை இறக்கட்டுமா என்று அவரைக் கேட்கவேண்டும்.

பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்கத் திரும்பினேன்.

"இரு," என்றார் இவர்.

டிக்கியைத் திறந்தார். உள்ளே இருந்த விரிப்பைத் தூக்கினார். அதற்கு அடியிலிருந்து ஒரு சாக்குத் துணியை எடுத்தார். இன்னும் ஈரமாக இருந்தது. அதைப் பிரித்து, ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்துப் பாயிடம் நீட்டினார். பொட்டில்லாத, மாலை பார்க்காத ஸ்பேனர். கம்பம் பள்ளத்தாக்கிலேயே அன்றைக்குப் பூசையில் படுக்காத ஒரே ஸ்பேனர் அதுவாகத்தான் இருக்கும்.

"பத்தாம் நம்பருதான். மருந்தடிக்கிற ஸ்பிரேயரோட ஸ்பேனரு," என்றார், யாரையும் பார்க்காமல்.

"இது ஏன் கார் டிக்கியில இருக்கு?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் நீங்கதான பூசையில அடுக்குனீக?"

"முதல்ல கழட்டட்டும்."

சிவப்புத் தண்ணீர்

போல்ட் வந்தது. பாய் காயிலை மெல்ல மேலே இழுத்தார். ப்ளக் என்று ஒரு சத்தம். அதன் நீளக் கழுத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. சிவப்புத் தண்ணீர்.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மதினி, "ஆத்தாடி, ரத்தம்!" என்றே கத்திவிட்டார்கள்.

பாய் விரலில் தொட்டு முகர்ந்தார். "சந்தனம்." இன்னொரு தடவை முகர்ந்தார். "குங்குமம். அப்புறம் அண்ணே... திராட்சைக் கொடிக்கு அடிக்கிற மருந்து வாடை."

மூன்று பேரும் இவரைப் பார்த்தோம்.

"நேத்து சாயங்காலம்," என்று ஆரம்பித்தார், வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே. "இவ தேனியில இருந்து வந்து குளிக்கப் போயிருந்தா. தோட்டத்து ஸ்பிரேயரக் கொண்டாந்து இஞ்சின நல்லா கழுவுனேன். ஓஸ் கிளாம்ப இறுக்கத்தான் அந்த ஸ்பேனரு. இவ வர்றதுக்குள்ள மறைக்கணும்னு டிக்கியில போட்டு, அங்கனயே மறந்துட்டேன்."

"பவர் ஸ்பிரேயரா!" பாய் தலையில் கை வைத்தார். "ஏண்ணே, அது தோட்டத்துக்கு அந்தக் கோடியில இருக்கிற கொடியவே நனைக்குமே! காயில் உக்காந்திருக்கிற பிளக்குக் குழிக்குள்ள போகாம என்ன செய்யும்?"

"குங்குமம் எப்படி உள்ள போச்சு?" இது நான்.

"இன்னைக்கு விடியக்காலம்... நீ பொங்கல் கிண்டிக்கிட்டு இருந்தேல்ல, அப்ப மூடியத் தூக்கிட்டு நாலுக்கும் நாலு பொட்டு வச்சேன். சந்தனத்தக் கொஞ்சம் தாராளமா கரைச்சுட்டேன். ரெண்டாவதுல வழிஞ்சுருச்சு."

"ஏலே, இஞ்சினுக்கே அபிஷேகம் பண்ணிட்டியாடா!" என்றார்கள் மதினி.

இந்த இடத்தில் டைப்ரைட்டரைக் கொஞ்சம் உள்ளே விடுகிறேன். இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்த புதிதில், ஓர் ஆயுத பூஜைக்கு உதவிக்கு வந்த மனுசர் ஒருவர், எழுத்துக் கம்பிகளின் மேலேயே சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டார். மறுநாள் எந்த எழுத்தை அடித்தாலும் பக்கத்து எழுத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பல் துலக்குகிற பிரஷ்ஷால் வாரம் முழுக்கச் சுத்தம் செய்தேன். அன்றிலிருந்து எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் சட்டம்: பொட்டு வெளியே மட்டும். அந்த மனுசர் யார் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

"எதுக்குங்க இத்தன வேல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "இத்தன வருசத்துல என் காருக்கு ஒரு பூவாவது வச்சிருக்கீகளா? ஸ்பிரேயருக்கும் மோட்டாருக்கும்தான மாலை போடுவீக?"

இவர் பாயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வேறு வழியில்லை என்று தெரிந்தது.

"கண்ணு ஆபரேஷனப்ப அதுலதான போனேன், வந்தேன். ஒரு கண்ணும் தெரியாம உக்காந்திருந்தேன். ஒரு தடவகூடப் பயமா இல்ல. அதான்... ஏதாச்சும் செய்யணும்னு தோணுச்சு."

பாய் சட்டென்று காயிலுக்குள் எதையோ உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். மதினி தூக்குவாளி மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள். நான் என்ன செய்வது? அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. கூடவே சிரிப்பும் வந்து, ரெண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே விழுந்தன.

குழியைக் காயவைக்கக் கம்ப்ரஸர் கிடையாது. அது மாலையோடு பூசையில் இருக்கிறது. இவருடைய புது வேட்டி நுனியைத் திரித்து உள்ளே விட்டுத்தான் தண்ணீரை ஒற்றி எடுத்தோம். மிச்சத்துக்கு, இளநீர்க் கடையிலிருந்து பாய் ஓர் உறிஞ்சுகுழல் வாங்கி வந்தார்.

"உள்ள விட்டு ஊதுங்கண்ணே. நீங்க நனைச்சது, நீங்களே காய வைங்க."

இவர் கன்னத்தை உப்பி ஊதினார். ஊதின வேகத்தில் குழியிலிருந்த மிச்சம் மொத்தமும் திரும்பி வந்து முகத்தில் அடித்தது. நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் குங்குமம். அன்றைக்கு உத்தமபாளையத்தில் முழுசாகப் பூசை போடப்பட்ட ஒரே ஆள் இவர்தான்.

காயிலைத் துடைத்து மாட்டினார்கள். பாய் கையை நீட்டிச் சாவி கேட்டார். சாவி இவரிடம் இருந்தது. இவர் அதைப் பாயிடம் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்தார்.

"நீயே ஸ்டார்ட் பண்ணு."

திருப்பினேன். ஒரு தடவை செருமியது. அப்புறம் ஏ, எஸ், டி, எஃப். ஏ, எஸ், டி, எஃப். பிள்ளையார் ஆடாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு மின்னுவதை நிறுத்தியது.

"அக்கா, பேச்சு பேச்சுதான?" என்று மெல்லக் கேட்டார் இவர், பின் கதவைத் திறந்துகொண்டே.

"பேச்சு பேச்சுதான்டா. வண்டி இவ கையில நின்னுச்சு, ஆனா நிறுத்துனது நீயி. அந்த ஸ்பிரேயரத் தொடணும்னா இனிமே இவகிட்டக் கேட்டுட்டுத் தொடு."

உத்தமபாளையத்திலிருந்து தேனி வரை இவர் பின் சீட்டில், அக்காவுக்குப் பக்கத்தில், சிவந்த முகத்தோடு உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் ஒரு கிளச் இல்லை. எனக்கே என்னவோபோல் இருந்தது. வீரபாண்டி வந்ததும் நானே வாய்விட்டு, "கிளச்சு சரியா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றார்.

யோசித்துப் பார்க்கிறேன். சாவி தன் கைக்கு வந்த பிறகுதான் அந்தச் சாக்குத் துணியை எடுத்தார். எடுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. பந்தயம் ஜெயித்தபடியே வீட்டுக்குப் போயிருக்கலாம். நன்றி என்ற வார்த்தை அகராதியில் இல்லாதவருக்கு இது எங்கே அச்சாகியிருந்ததோ தெரியவில்லை. இதை இவரிடம் நான் இதுவரை சொன்னதில்லை. பத்திரிகையில் படித்துக்கொள்ளட்டும்.

இந்த வருடம்

இந்த ஆயுத பூஜைக்கு, நானே பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டேன். கையில் ஒரு காய்ந்த துணியும், கெட்டியாக அரைத்த சந்தனக் கிண்ணமும் கொடுத்தேன். ஸ்பிரேயரைக் காலையிலேயே பூசையில் படுக்கவைத்தாகிவிட்டது. ஸ்பேனரோடு.

மூடியைத் தூக்கப் போனார். இருமினேன். கையை எடுத்துக்கொண்டார். மூடிக்கு மேலேயே, உள்ளே நாலும் இருக்கிற இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, குனிந்து நாலு பொட்டு வைத்தார். புரை எடுத்த கண் இப்போது நன்றாகத் தெரிகிறது போல, வரிசை பிசகவில்லை.

தள்ளி நின்று பார்த்தார். திருப்தி வரவில்லை.

"அந்த ரெண்டாவதுக்கு மட்டும் கொஞ்சம் பெருசா வச்சுக்கிறவா? பாவம், போன வருசம் அதுதான கஷ்டப்பட்டுச்சு."

"வச்சுக்கங்க," என்றேன். "வெளிய."